ஏற்காட்டில் ஆறு தென்னை: குளிரா, ஈரமா, வெயில் போதாததா?

ஏற்காட்டில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் செடி வாங்க வரும்போது முதலில் கேட்பது, "இது குளிர் தாங்குங்களா?" என்பதுதான். சேலத்திலிருந்து மேலே போய்த் தோட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில், அதனால் இந்தக் கேள்வி காதில் விழாத மாதமே கிடையாது. பெரும்பாலான செடிகளுக்குப் பதில் "தாங்கும்" என்பதுதான். ஊட்டியில் புல்வெளி வெள்ளையாகிற மாதிரியான உறைபனி நம் சேர்வராயன் மலையில் வழக்கம் இல்லை. இருந்தும் தென்னை சாகிறது, அதே பனைக் குடும்பத்து அழகு மரமான பாட்டில் பாம் சாகிறது, அரிக்கா பாம் ஆரஞ்சு நிறமாகி அப்படியே நின்றுவிடுகிறது. உறையாத ஊரில் வெப்பமண்டலச் செடி எதனால் சாகிறது என்பதை, நான் இரண்டு மழைக்காலம் கூடவே இருந்து பார்த்த ஒரு தோட்டத்தை வைத்து எழுதுகிறேன். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை என்பதால் அங்கே எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா, இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

வீடு ஏரியைத் தாண்டி, காபித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சரிவில் இருக்கிறது. மேலே மேடு, நடுவில் வீடு, கீழே கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம், அதை ஒட்டித்தான் கேட்டும் வண்டிப் பாதையும். டீச்சரம்மாவின் பிறந்த வீடு ஆத்தூர்ப் பக்கம், தென்னையும் பாக்கும் நிறைந்த ஊர். கேட்டிலிருந்து வாசல் வரை இரண்டு பக்கமும் தென்னை வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. கீழே ஒரு நர்சரியில் ஆறு நெட்டை குட்டை ரகக் கன்றுகள் வாங்கி, பாதை ஓரமாகப் பக்கத்துக்கு மூன்றாக நட்டிருந்தார்கள். கூடவே இரண்டு குயின் பாம், ஒரு ஃபாக்ஸ்டெயில் பாம், ஒரு பாட்டில் பாம், சுவர் ஓரமாக அரிக்கா பாம் வரிசை, அப்புறம் குரோட்டன், ஹெலிகோனியா, பப்பாளி, நாலைந்து வாழை.

என்னைக் கூப்பிட்டது ஒரு தை மாதம். பாட்டில் பாம் அதற்கு முன்பே போய்விட்டது. மொரீஷியஸ் பக்கத்து ரவுண்ட் தீவிலிருந்து வந்த மரம் அது, கடல் காற்றும் கொதிக்கிற பாறையும் அதற்குச் சொந்த இடம், குளிருக்கு அதைவிட பயப்படுகிற பாம் கடைகளில் அதிகம் கிடையாது, அதை ஏற்காட்டுக்கு விற்றிருக்கவே கூடாது. ஆறு தென்னையில் இரண்டு நடுக்குருத்து வாடித் தொங்கிக்கொண்டிருந்தன. மீதி நான்கும் உயிரோடுதான் இருந்தன, ஆனால் புது ஓலைகள் குட்டையாக, நுனி கருகி, சுருண்டு வந்திருந்தன. அரிக்கா வரிசை முழுக்க மஞ்சள். குயின் பாம் இரண்டும் ஒன்றுமே நடக்காத மாதிரிப் பச்சையாக நின்றன. எனக்கு முதலில் கவனத்தில் பட்டது இதுதான். குளிர்தான் காரணம் என்றால் ஒரே தோட்டத்தில், அதே குளிரில் இவை எப்படி நன்றாக இருக்கின்றன?

கணக்கை முதலில் போட்டுவிடலாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கும்போது 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறோம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குறையும் என்ற பொதுக்கணக்கில் பார்த்தால் எட்டு டிகிரி இறங்கிவிடும். சேலத்தின் வருஷச் சராசரி 28 டிகிரி அளவில் இருக்கிறது, அப்படியானால் ஏற்காட்டில் 20. தென்னைக்குப் பிடித்த சராசரி 27. அதாவது சேலம் தென்னைக்கென்றே அளந்து வைத்த ஊர், ஏற்காடு அதன் கடைசி எல்லையில் நிற்கிற ஊர். அடிவாரத்தில் காய்த்துத் தொங்குகிற மரம், மலை ஏற ஏறக் குறைந்துகொண்டே போவதற்குக் காரணம் ஏதோ ஒரு ராத்திரியின் குளிர் இல்லை, வருஷம் முழுக்கத் தினமும் சேர வேண்டிய வெப்பம் சேராததுதான்.

தென்னைக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஓலை வந்தால்தான் பாளை. ஒவ்வொரு ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை, அவ்வளவுதான் அதன் கணக்கு. சமவெளியில் நன்றாக இருக்கிற மரம் மாதத்துக்கு ஒரு ஓலை விடும், வருஷத்துக்குப் பன்னிரண்டு, பதினான்கு. பாளை வெடிப்பதற்கு இரண்டரை வருஷத்துக்கு முன்பே அது குருத்துக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது, வெடித்த பிறகு காய் முற்ற இன்னும் ஒரு வருஷம். இத்தனை நீளமான வேலையில் நடுவில் எங்கே குளிர் பட்டாலும் அந்தப் பாளை மலடாகப் போகலாம், குரும்பை உதிரலாம். டீச்சரம்மாவின் கன்றுகளில் ஓலைத் தழும்புகளை வைத்துப் பார்த்ததில், சமவெளி மரம் விடுவதில் பாதி ஓலைகூட வந்திருக்கவில்லை.

சரி, மெதுவாக வளர்வது வேறு, சாவது வேறு. குருத்து வாடிய கன்று ஒன்றின் நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக, கொழகொழவென்று, மூக்கில் ஏறுகிற புளித்த நாற்றம். குருத்தழுகல். பைட்டோப்தோரா பால்மிவோரா என்கிற பூஞ்சை வகை நுண்ணுயிர் செய்கிற வேலை, கேரளாவிலும் நம் பக்கத்திலும் மழைக்காலத்தில் காற்று ஈரமாகி வெப்பம் 20 டிகிரிப் பக்கம் இறங்கும்போது வருகிற நோய். அங்கே அந்த நிலைமை சில வாரம்தான். ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க அதுதான் நிலைமை. பாம் மரத்துக்குத் தலை ஒன்றுதான், வளர்கிற முனை வேறெங்கும் இல்லை. மா, பலா எல்லாம் நுனி போனால் பக்கத்தில் துளிர்த்துவிடும், தென்னைக்கு அந்த வசதி கிடையாது.

இன்னொரு கன்றின் பக்கவாட்டில் தோண்டிப் பார்த்தோம். மூன்றடி ஆழம், மூன்றடி அகலம் குழி, கன்றை உள்ளே ஆழத்தில் வைத்து, சுற்றிலும் வட்டப்பாத்தி. ஆத்தூரில் அப்படித்தான் நடுவார்கள், அங்கே அதுதான் சரி, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரையும் தூருக்குக் கொண்டுவர வேண்டும். ஏற்காட்டில் மழை வருஷத்துக்கு 1,500 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது, சரிவில் இருக்கிற தண்ணீரெல்லாம் கீழ்ப் பள்ளத்துக்குத்தான் வரும், அங்கே செம்மண் களியில் குழி வெட்டினால் அது தண்ணீர்த் தொட்டி. குழியின் அடியில் ஒரு சாண் சேறு தேங்கியிருந்தது. புது வேரின் நுனி வெள்ளையாக இருக்க வேண்டும், தொட்டால் தோல் கழன்று நாராக வந்தது. போதாததற்குச் சொட்டுநீர்க் குழாய் வேறு, தினமும் காலையும் மாலையும். ஓலை மஞ்சளாவதைப் பார்த்து நர்சரியில் கேட்டிருக்கிறார், "யூரியா போடுங்க, தண்ணி கூட விடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மார்கழியில் யூரியா. மண் குளிர்ந்து வேர் சோர்ந்து கிடக்கிற நேரத்தில் தழைச்சத்தைக் கொட்டினால் இளசாக, நீர்கோத்த மாதிரி ஒரு குருத்து வரும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல சாப்பாடு வேறு இல்லை.

சுருண்டு கருகிய ஓலைகள் வேறு கதை. பார்த்தவுடன் நோய் என்று நினைக்கத் தோன்றும். மாங்கனீசு குறைந்தால் பாம் மரத்தில் புது ஓலை இப்படித்தான் சுருங்கி, நெருப்பில் காட்டின மாதிரி வரும். மண்ணில் மாங்கனீசு இல்லாமல் இருக்க வேண்டும் என்பதில்லை, மண் குளிர்ந்தாலே வேரால் அதை எடுக்க முடியாது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் குளிர்காலம் முடிந்ததும் தென்னைகளில் இதே அறிகுறி வரும், மண் சூடேறியதும் தானாகவே அடுத்த ஓலைகள் சரியாகும். இங்கே மண் சூடேறவே இல்லை, அதுதான் சிக்கல். ஏன் ஏறவில்லை என்று பார்த்தால் கிழக்குப் பக்கம் முழுக்க சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி, காலை பத்து மணி வரைக்கும் தென்னை வரிசையில் வெயில் இறங்குவதே இல்லை. காபிக்கு அந்த நிழல் வேண்டும், தென்னைக்கு அது விஷம்.

அரிக்கா வரிசையின் மஞ்சள் மூன்றாவது கதை. அது பழைய ஓலைகளில் மட்டும் இருந்தது, புது ஓலை பச்சைதான். பழைய ஓலையில் நுனியிலிருந்து மஞ்சள் என்றால் பொட்டாஷ், விளிம்பில் அகலமாக மஞ்சள் பட்டை, நடுவில் பச்சை என்றால் மெக்னீசியம். இங்கே இரண்டும் இருந்தன. மழை அடித்துக்கொண்டே இருக்கிற மலை மண்ணில் இவை இரண்டும் கழுவிக்கொண்டு போய்விடும். தோட்டக்காரர் அழகுக்காக மஞ்சள் ஓலைகளை வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், அது வேண்டாத வேலை. பழைய ஓலையில் இருக்கிற பொட்டாஷை எடுத்துத்தான் மரம் புது ஓலைக்குக் கொடுக்கிறது, அதை வெட்டினால் அடுத்த ஓலையிலிருந்து உறிஞ்சும், மஞ்சள் மேலேறும்.

குளிர்ச்சியை அளக்காமல் பேசிக்கொண்டே இருப்பதில் அர்த்தம் இல்லை என்று, அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டுகிற வெப்பமானி மூன்று வாங்கி, மேட்டில் ஒன்று, வீட்டின் தெற்குச் சுவர் ஓரம் ஒன்று, கேட்டுப் பள்ளத்தில் ஒன்று மாட்டினோம். தோட்டக்காரர் இந்த மலையில் பிறந்த மலையாளிப் பழங்குடி இனத்துப் பெரியவர், தினமும் காலையில் அவர்தான் பார்த்து நோட்டில் எழுதினார். அவர் முதல் நாளே சொன்னார்: "பள்ளத்துலதான் தம்பி குளிரு படுக்கும். எங்க ஊர்ல மாட்டுக் கொட்டாய்கூட பள்ளத்துல போட மாட்டோம்." நோட்டும் அதையேதான் சொன்னது. தை மாதத் தெளிந்த இரவுகளில் பள்ளம், மேட்டைவிட மூன்று டிகிரி வரை குறைவாக இருந்தது. தெற்குச் சுவர் மேட்டைவிடவும் கூடுதல், பகல் முழுக்கக் கல் சுவர் வாங்கின வெயிலை ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அந்தச் சுவருக்குத்தான் முழு வெயிலும்.

அந்த நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது, பலர் நம்ப மறுக்கிற விஷயம். மூடுபனி மூடிக் கிடக்கிற இரவு அவ்வளவு குளிர்வதில்லை. மேகமும் பனிமூட்டமும் தரையின் சூட்டை மேலே போகவிடாமல் போர்த்திக்கொள்ளும். வானம் துடைத்து விட்ட மாதிரி இருந்து, நட்சத்திரம் எல்லாம் தெரிகிற, காற்றே இல்லாத ராத்திரியில்தான் தரை தன் சூட்டை எல்லாம் விட்டுவிடும், குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆக ஏற்காட்டில் எதிரி இரண்டு, இரண்டும் வேறு வேறு மாதத்தில் வருகின்றன. ஐப்பசி கார்த்திகையில் ஈரமும் மூட்டமும், அப்போது அழுகல். தை மாசியில் தெளிந்த ராத்திரிக் குளிர், அப்போது ஓலை நுனி கருகலும் வேர்ச் சோர்வும். ஒன்றுக்குச் செய்கிற பாதுகாப்பு இன்னொன்றுக்குக் கேடு. மேலே மரநிழல் இருந்தால் தெளிந்த ராத்திரியில் காப்பாற்றும், மழைக்காலத்தில் அதே நிழல் குருத்தைக் காயவிடாது.

வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் அனுப்புகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, சாக்கு சுற்றட்டுமா, வைக்கோல் கட்டட்டுமா என்று டீச்சரம்மா கேட்டார். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் குளிர்காலத்தில் பாம் மரத்தின் ஓலைகளைச் சேர்த்துக் கட்டித் துணி சுற்றுவார்கள், உள்ளே சின்ன விளக்குச் சரம்கூடப் போடுவார்கள். அவர்களுக்குப் பயம் சில நாள் உறைபனி. இங்கிலாந்தின் தென்மேற்கே சில்லி தீவுகளில் ட்ரெஸ்கோ தோட்டம் இருக்கிறது, வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தின் தயவில் வெப்பமண்டலச் செடிகளை வளர்த்த இடம், 1987 ஜனவரியில் பனியும் உறைபனியும் வந்து தோட்டத்தின் பெரும்பகுதியை அழித்துவிட்டது. அப்படி ஒரு ராத்திரியில் எல்லாம் போகிற இடத்தில் சுற்றிக் கட்டுவது சரி. நமக்கு அப்படி ஒரு ராத்திரி இல்லை. இங்கே சுற்றிக் கட்டினால் உள்ளே ஈரம் சேர்ந்து குருத்து அழுகும், வேறொன்றும் நடக்காது. அதனால் கட்டவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

சிகிச்சைக்கு வருவோம். முதல் வேலை சொட்டுநீரை மூடினது. இரண்டாவது, குருத்து கழன்ற இரண்டு கன்றிலும் அழுகின சதையை, நல்ல வெள்ளைச் சதை தெரிகிற வரைக்கும் சுத்தமான கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, பூஞ்சைக்கொல்லியான போர்டோ பசை தடவியது. பசைக்கு 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, பிறகு சேர்க்க வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது, பிளாஸ்டிக் வாளியோ மண்பாண்டமோ போதும். இதில் நான் சொல்லிக் கொடுக்க எதுவும் இல்லை, காபி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்கு போர்டோ கலவை கைப்பழக்கம், இலைத்துருவுக்கும் கருப்பழுகலுக்கும் வருஷா வருஷம் அடிக்கிறார்கள். பெரியவர் கலக்குவதைப் பார்க்கவே நன்றாக இருந்தது. மயில்துத்தக் கரைசலை சுண்ணாம்புக் கரைசலுக்குள் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே குச்சியால் ஒரே திசையில் கலக்கினார், நீலம் வானத்து நிறமாக மாறியது. அப்புறம் தீட்டின அரிவாளின் நுனியை உள்ளே விட்டு எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலையைக் கருக்கும். இன்னும் ஒரு கை சுண்ணாம்புத் தண்ணீர் விட்டார், மறுபடி அரிவாளை விட்டார், படியவில்லை, "இப்ப சரி" என்றார். பசை தடவின குருத்து மேல் மழை இறங்காமல் மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தோம். மற்ற எல்லாப் பாமுக்கும் ஒரு சதவீதக் கலவை, அதாவது ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர், குருத்துக்குள் இறங்குகிற மாதிரி.

மூன்றாவது வடிகால். பள்ளத்தின் மேல்பக்கம் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, வருகிற தண்ணீரை ஓரமாகத் திருப்பிவிட்டோம். இது எல்லாவற்றையும்விட அதிகப் பலன் கொடுத்தது என்று அடித்துச் சொல்வேன், செலவு இரண்டு ஆள் கூலி. நான்காவது, கிழக்கே இருந்த சில்வர் ஓக்கில் கிளைகளை மட்டும் கவாத்து செய்து காலை எட்டு மணிக்கே வெயில் இறங்க வழி செய்தது. மரத்தை வெட்டவில்லை, மேற்கும் வடக்கும் இருந்த கிளைகளைத் தொடவில்லை. ஐந்தாவது சத்து: மாங்கனீசு சல்பேட்டை இலைவழியாக, ஏனென்றால் குளிர்ந்த வேர் வழியாகக் கொடுத்துப் பயனில்லை, பொட்டாஷும் மெக்னீசியம் சல்பேட்டும் மண் சூடேறுகிற பங்குனிக்குப் பிறகு தூரில். புரட்டாசிக்கு மேல் யூரியா கூடவே கூடாது.

முன்னேற்றம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நடுக்குருத்தும் அதற்கு அடுத்த ஓலையின் மட்டையும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில், இரண்டிலும் சேர்த்து ஒரே நேராகப் பெயிண்ட்டால் கோடு போட்டோம். குருத்து வளர்ந்தால் அதிலுள்ள கோடு மேலே போய்விடும், மட்டையிலுள்ள கோடு அங்கேயே நிற்கும், இடைவெளியை அளந்தால் எவ்வளவு வளர்ந்தது என்று தெரியும். வெளியே பார்க்க மரம் பச்சையாகத்தான் இருக்கும், குருத்து மாதக்கணக்கில் நகராமல் நின்றிருக்கும், கோடு இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தையில் தென்னையின் கோடு இரண்டும் பிரியவே இல்லை. குயின் பாமில் அதே மாதத்தில் நான்கு விரல் இடைவெளி. ஒரே மண், ஒரே குளிர். குயின் பாம் தெற்கு பிரேசில் பக்கத்து மரம், லேசான குளிர் அதற்கு வளர்கிற காலம்தான்.

இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது ஆறு தென்னையில் மூன்று போயிருந்தன. குருத்து எடுத்த இரண்டில் ஒன்று பிழைத்துப் புது ஓலை விட்டது, கோணலாக, பாதி ஓலைதான், ஆனாலும் விட்டது. டீச்சரம்மாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் தொண்டை அடைத்தது. இருந்தாலும் அவரிடம் நேராகவே சொன்னேன், இவை காய்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் டீச்சரம்மா, பள்ளத்தில் விட்டுவைத்தால் ஒவ்வொரு ஐப்பசியிலும் இதே சண்டைதான். ஒன்றை மட்டும் தெற்குச் சுவர் ஓரம் மேட்டுப்பாத்தி போட்டு மாற்றலாம், மற்ற இரண்டையும் கீழே சேலத்தில் அவர் மகள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றேன். யோசித்து ஒத்துக்கொண்டார்.

பாதை ஓரத்துக்கு வேறு என்ன என்பதில்தான் நிறைய நேரம் செலவழித்தோம். அப்போது பெரியவர் வீட்டுக்குப் பின்னால் பாறைச் சரிவைக் காட்டி, "அந்த ஈச்சை யாரு நட்டது தம்பி? யாரு தண்ணி ஊத்துனா?" என்று கேட்டார். மலைச் சரிவில் தானாக முளைத்து நிற்கிற சிற்றீச்சை, அதன் ஓலையில்தான் ஈச்சமாறு கட்டுகிறார்கள். புல்லில் தீப்பிடித்து ஓடினாலும் மறுபடி துளிர்க்கும், தை ராத்திரி அதை ஒன்றும் செய்வதில்லை. அதோடு கூந்தற்பனை இருக்கிறது, கிழக்கு மேற்கு இரண்டு மலைத் தொடரிலும் ஈரமான காடுகளில் வளர்கிற மரம், மீன் வால் மாதிரி இலை, சடை சடையாகப் பூங்கொத்து. அதற்கு ஒரு குணம், உச்சியில் பூக்கத் தொடங்கிக் கீழ்நோக்கி வந்து, அடிவரை பூத்து முடித்ததும் செத்துவிடும், நடுகிறவர்கள் தெரிந்து நட வேண்டும். பழத்தைக் கையால் தொட்டால் அரிப்பு எடுக்கும், குழந்தைகள் விளையாடுகிற பக்கம் வேண்டாம்.

தென்னையின் சாயல்தான் வேண்டும் என்றால் குயின் பாம். இதைவிடக் குளிர் தாங்குகிறது வேண்டும் என்றால் டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி, விண்ட்மில் பாம் என்று விற்கிறார்கள், விசிறி ஓலை, தண்டில் பழுப்பு நார் சுற்றியிருக்கும். சீனாவிலிருந்து 1849இல் ராபர்ட் ஃபார்ச்சூன் இங்கிலாந்துக்கு அனுப்பின மரம், பனி கொட்டுகிற ஊரிலும் நிற்கிறது. அதன் உறவுக்காரர் ஒருவர் நம் நாட்டிலேயே இருக்கிறார், டிராக்கிகார்ப்பஸ் டகில், உத்தராகண்டின் குமாவுன் மலையில் பித்தோராகர் பக்கம் பனி விழுகிற உயரத்தில் வளர்கிறது. பாம் என்றாலே வெயில் ஊர் மரம் என்ற நினைப்பு நம்மில் எல்லோருக்கும் இருக்கிறது. உலகத்திலேயே உயரமான பாம், கொலம்பியாவின் தேசிய மரமான மெழுகுப் பாம், 60 மீட்டர் வரை வளர்வது, ஆண்டிஸ் மலையின் மூடுபனிக்குள் நிற்கிறது, அதைச் சேலத்து வெயிலில் நட்டால்தான் சாகும். ஏற்காட்டின் குளிர் ஒரு குறையாக இருக்க வேண்டியதில்லை, அதற்கென்று பிறந்த மரங்கள் இருக்கின்றன.

பாதை ஓரம் இப்போது குயின் பாம் நான்கு, நடுநடுவே விண்ட்மில் பாம் இரண்டு. நாற்றுக்குக் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. எல்லாம் தரைமட்டத்துக்கு மேலே ஒன்றரை அடி மேடு கட்டி அதன் உச்சியில். ஃபாக்ஸ்டெயில் பிழைத்துக்கொண்டது, இலைப்புள்ளி மட்டும் மழையில் வரும். நிழலில் கமடோரியா எனப்படும் சின்னப் பாம் ரகங்கள், அவற்றுக்கு ஏற்காடு சொர்க்கம். ஹெலிகோனியா தையில் இலை கருகி, சித்திரையில் கிழங்கிலிருந்து மறுபடி வந்துவிட்டது. அதைப் பிடுங்க இருந்தார்கள், நல்லவேளை விட்டுவைத்தார்கள். குரோட்டன் தொட்டியில் ஏறி குளிர்காலத்துக்கு மட்டும் வராந்தாவுக்கு வருகிறது. பப்பாளி காய்த்தது, ஆனால் குளிரில் திரண்ட காய் கோணிக்கொள்ளும், சப்பென்று இருக்கும், அதைக் கறிக்கு வைத்துக்கொள்ளலாம். வாழைக்கு மலை ரகம்தான் சரி, பழனி மலையின் விருப்பாச்சி மாதிரி மலைக்கென்று வந்த ரகங்கள் இருக்கும்போது கீழ்நாட்டு மொந்தனை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் தாருக்குக் காத்திருக்க வேண்டாம். ஆந்தூரியத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, ஏற்காட்டில் அதைத் தொழிலாகவே செய்கிறார்கள்.

நடுகிற பருவம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே எல்லோரும் வழுக்குகிற இடம் அது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது சமவெளிக்குச் சொன்னது, தண்ணீருக்காகச் சொன்னது. மேலே வெயில் விரும்பிச் செடிகளை ஆடியிலோ புரட்டாசியிலோ நட்டால், வேர் பிடிப்பதற்குள் ஐப்பசி மழையும் அடுத்து மார்கழிக் குளிரும் வந்துவிடும். சித்திரையில் கோடை மழை ஒன்றிரண்டு விழுந்ததும் நட வேண்டும். அப்போதுதான் மண்ணில் சூடு இருக்கும், ஐந்தாறு மாதம் வேர் ஓட நேரம் கிடைக்கும். குயின் பாம்களை அப்படித்தான் நட்டோம், அந்தத் தையிலேயே கோடு பிரிந்தது.

தெற்குச் சுவர் ஓரத்துத் தென்னை இப்போது ஆளைவிட உயரம். பாளை இல்லை. ஓலை வருஷத்துக்கு ஏழெட்டு வருகிறது, சுருளல் நின்றுவிட்டது, புரட்டாசி பிறந்ததும் போர்டோ அடிக்க வேண்டும் என்று நோட்டின் அட்டையிலேயே பெரியவர் எழுதி வைத்திருக்கிறார். 1,000 மீட்டருக்கு மேல் வீடு கட்டியிருப்பவர்கள் யாராவது காய்க்காக என்னிடம் தென்னை கேட்டால் இனி நான் தருவதாக இல்லை. கோடு போட்டுப் பார்க்கத் தயாராக இருந்து, தெற்குச் சுவரும் மேடும் இருந்தால், ஓலைக்காக ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளட்டும்.